அறை 101ம் ஒரு தாயின் கையும்: '1984' நாவலைப் பற்றிச் சில குறிப்புகள்

வாசகர் கேள்வி: பிப்ரவரி 3

ஜார்ஜ் ஆர்வெலின் '1984' நாவலை இப்போதுதான் முடித்தேன். என்னைக் கேட்டால், நாயகனை எலிகளைக் காட்டி வதைக்கும் அறை 101 காட்சிதான் நாவல். மற்றதெல்லாம் அதற்குப் போட்ட பந்தல். இலக்கிய உத்தி என்று தேடினாலும், "போரே அமைதி" போன்ற முழக்கங்களில் உள்ள முரணைத் தவிர வேறெதுவும் அகப்படவில்லை. நடையும் வறண்டு கிடக்கிறது. மறுப்பவர் உண்டா?

பிப்ரவரி 3, இரவு

மறுக்கிறேன். அறை 101 நாவலின் அச்சாணி அல்ல. அச்சாணி ஒரு கை.

முதல் அத்தியாயத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். ஒரே கட்சி எல்லோரையும் கண்காணித்து ஆளும் நாட்டில், தொலைத்திரை என்ற கண்காணிப்புக் கருவியின் கண்ணுக்குப் படாத மூலையில் உட்கார்ந்து, 1984 ஏப்ரல் 4 என்று தேதியிட்டு நாயகன் வின்ஸ்டன் நாட்குறிப்பைத் தொடங்குகிறான். அந்தத் தேதி சரியா என்பதுகூட அவனுக்கு நிச்சயமில்லை. என்ன எழுதுவதென்று தெரியாமல், முந்தைய இரவு பார்த்த போர்ப்படத்தை எழுதுகிறான். மத்தியதரைக் கடலில் அகதிகள் கப்பல் ஒன்றின் மேல் குண்டு விழுகிறது. குழந்தைகள் நிறைந்த உயிர்காப்புப் படகுக்கு மேலே ஹெலிகாப்டர் வட்டமிடுகிறது. படகின் முனையில் நடுவயதுப் பெண் ஒருத்தி. அவள் கைகளில் மூன்று வயதுச் சிறுவன். அவன் அலறிக்கொண்டே அவள் மார்புக்குள் தலையைப் புதைத்துக்கொள்கிறான். அவளுக்கும் அச்சத்தில் உடல் வெலவெலத்துப் போயிருக்கிறது. ஆனாலும் தோட்டாக்களைத் தன் கைகள் தடுத்துவிடும் என்பதுபோல, முடிந்த மட்டும் அவனை மூடிக்கொள்கிறாள். அடுத்த கணம் குண்டு விழுகிறது. கட்சிக்காரர்கள் அமர்ந்திருந்த பக்கத்திலிருந்து கைதட்டல் எழுகிறது.

நடை வறண்டது என்றீர்கள். அந்தப் பத்தியை மட்டும் ஒருமுறை மெதுவாகப் படியுங்கள். எழுத எழுத முதலில் பெரிய எழுத்துகள் போகின்றன, பிறகு காற்புள்ளிகளும் முற்றுப்புள்ளிகளும் உதிர்கின்றன. பேசினால் எழுதிக்கொள்ளும் இயந்திரத்துக்கே பழகியவன், ஆண்டுகள் கழித்துப் பேனா பிடிக்கிறான். அவனுக்குள் அடைபட்டுக் கிடந்தது கரையை உடைத்துக்கொண்டு வருவதை ஆர்வெல் வர்ணிக்கவே இல்லை. நிறுத்தக்குறிகளை எடுத்துவிட்டார், அவ்வளவுதான். உத்தி வேண்டுமென்றால் இதைவிடச் சிறந்ததை நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 4

ஒரு காட்சியில் வரும் கையை அச்சாணி என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அது திரும்பத் திரும்ப வருகிறது, அதனால்தான்.

இரண்டாம் பாகம், ஏழாம் அத்தியாயம். காதலி ஜூலியாவை ரகசியமாகச் சந்திக்கும் இடமான, சாரிங்டனின் பழம்பொருள் கடை மாடியறையில் வின்ஸ்டன் கண்ணீரோடு விழிக்கிறான். கனவில் அம்மாவின் கையசைவு ஒன்றைக் கண்டிருக்கிறான். முப்பது ஆண்டுகள் கழித்துத் திரையில் அந்தப் பெண் செய்ததும் அதே அசைவுதான் என்று நாவலே வெளிப்படையாகச் சொல்கிறது. ஆகவே இது என் கண்டுபிடிப்பு அல்ல.

அந்த நினைவு முழுவதும் எழுந்து வருகிறது. பஞ்ச காலம். இரண்டு அவுன்ஸ் சாக்லேட் கிடைக்கிறது. மூன்று பேருக்குப் பொது. சிறுவன் வின்ஸ்டன் முழுவதும் தனக்கே வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். அம்மா முக்கால் பங்கை அவனுக்கும் கால் பங்கைத் தங்கைக்கும் கொடுக்கிறாள். இரண்டு மூன்று வயதுக் குழந்தை அது. நோஞ்சான், சத்தமே போடாத குழந்தை. கையிலிருப்பது என்னவென்று புரியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. வின்ஸ்டன் அதையும் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறான். திரும்பிப் பார்க்கும்போது, அம்மா குழந்தையைக் கையால் அணைத்து அதன் முகத்தைத் தன் மார்போடு அழுத்திக்கொள்கிறாள். அவன் வீடு திரும்பியபோது இருவரும் இல்லை. அதன்பின் அவர்களை அவன் பார்க்கவே இல்லை.

அந்த அணைப்பு சாக்லேட்டைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. குழந்தையைக் காப்பாற்றவும் இல்லை. பயன் இல்லாவிட்டாலும் செய்யப்படும் செயல் அது. கட்சி மனிதர்களிடமிருந்து பறித்துக்கொண்டது இதைத்தான் என்று வின்ஸ்டன் புரிந்துகொள்கிறான்.

பிப்ரவரி 4, சற்று நேரம் கழித்து

சாக்லேட்டையும் தொடர்ந்து பாருங்கள். வாரப் பங்கு முப்பது கிராமிலிருந்து இருபதாகக் குறைக்கப்படுகிறது. மறுநாளே, இருபதாக உயர்த்தியதற்கு நன்றி கூறி ஊர்வலம் நடந்ததாகத் தொலைத்திரை அறிவிக்கிறது. பிறகு, முதல் சந்திப்பில் ஜூலியா நல்ல சாக்லேட் ஒன்றை இரண்டாக உடைத்துப் பாதியைத் தருகிறாள். அதன் வாசனை எதையோ கிளறுகிறது, எதை என்று அவனுக்குப் பிடிபடவில்லை. அது பிடிபடுவது ஏழாம் அத்தியாயத்தில். புள்ளிவிவரமாக நுழைந்தது, காதலாகி, கடைசியில் குற்ற உணர்வாக நிற்கிறது. ஒரே பொருள்தான்.

பிப்ரவரி 6

இதையும் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வயதில் முதன்முறை படித்தபோது இந்தக் கை என் கண்ணில் படவே இல்லை. அந்த வயதில் நாவலை அரசியல் கட்டுரையாகத்தான் படித்தேன். முழக்கங்களை அடிக்கோடிட்டேன். கட்சியின் எதிரியான கோல்ட்ஸ்டைனின் புத்தகம் வரும் நீண்ட பகுதியைக் குறிப்பெடுத்தேன். அதை வின்ஸ்டன் உரக்கப் படிக்கும்போது ஜூலியா தூங்கிப்போகிறாள். அவள் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

இருபது ஆண்டுகள் கழித்து, காய்ச்சலில் கிடந்த என் மகளை மடியில் போட்டுக்கொண்டு இரண்டாம் முறை படித்தேன். அவளுக்கு அப்போது மூன்று வயது. அந்தப் படகுக் காட்சியைத் தாண்ட முடியாமல் புத்தகத்தை மூடி வைத்தேன். இடது கை தானாகவே அவள் தலையின் மேல் போயிருந்தது. மறுநாள்தான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

பிப்ரவரி 7

திருத்தம். நேற்று வேறொருவருக்குப் பதில் எழுதும்போது, கட்சிக்கு எதிரானவர் என்று வின்ஸ்டன் நம்பும் கட்சி அதிகாரி ஓ'பிரையன் கேட்கும் அமிலக் கேள்வி "பல அத்தியாயங்கள் கழித்து" வருவதாகச் சொல்லிவிட்டேன். தவறு. அது அடுத்த அத்தியாயத்திலேயே, எட்டாம் அத்தியாயத்தில் வருகிறது.

இந்த நெருக்கம் முக்கியம். அம்மாவின் கையை நினைத்து அழுதவன் அடுத்த அத்தியாயத்தில் ஓ'பிரையன் முன்னால் நிற்கிறான். கட்சியை எதிர்க்கும் ரகசிய அமைப்பான சகோதரக் கழகத்தில் சேரத் தயாரா என்று கேள்விகள் வருகின்றன. கொலை செய்வாயா? செய்வேன். நம் நோக்கத்துக்கு உதவுமென்றால் ஒரு குழந்தையின் முகத்தில் கந்தக அமிலத்தை வீசுவாயா? வீசுவேன். அந்த "வீசுவேன்" எவ்வளவு விரைவாக வருகிறது! மூன்றாம் பாகத்தில், "நான் கட்சியைவிட ஒழுக்கத்தில் மேலானவன்" என்று வின்ஸ்டன் சொல்லும்போது, ஓ'பிரையன் வாதாடவில்லை. இந்த உரையாடலின் ஒலிப்பதிவை ஓடவிடுகிறார். வின்ஸ்டனுக்கு எதிராக வின்ஸ்டனின் குரலே சாட்சி.

இருவரும் மறுத்தது ஒன்றை மட்டும்தான். ஒருவரையொருவர் பிரிய மாட்டோம் என்றார்கள். ஜூலியா உடனே சொன்னாள். வின்ஸ்டனுக்கு அந்தச் சொல் வாயிலிருந்து வரச் சற்று நேரமானது.

பிப்ரவரி 9

முன்குறிப்பு உத்தியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்த நாவலில் முன்குறிப்பு என்பது வெறும் அலங்காரம் அல்ல. வாசகனையே சிக்கவைக்கும் கண்ணி அது.

"இருளே இல்லாத இடத்தில் சந்திப்போம்" என்ற குரலை வின்ஸ்டன் ஏழு ஆண்டுகளுக்கு முன் கனவில் கேட்கிறான். விடுதலையின் வாக்குறுதி என்று அவனும் நம்புகிறான், நாமும் நம்புகிறோம். அந்த இடம், கைதானவர்களை வதைக்கும் அன்பு அமைச்சகத்தின் சிறையறை. அங்கே விளக்கை அணைப்பதே இல்லை.

மாடியறைச் சுவரில் பழைய தேவாலயப் படம். அதையொட்டி ஒரு குழந்தைப் பாட்டு. முதல் வரிகளைக் கடைக்காரர் சாரிங்டன் சொல்கிறார், கொஞ்சத்தை ஜூலியா நினைவிலிருந்து சேர்க்கிறாள், விடுபட்ட வரியை ஓ'பிரையன் நிறைவு செய்கிறார். தொலைந்த உலகம் துண்டு துண்டாக மீள்கிறது என்று நமக்கு நெஞ்சு நிறைகிறது. பிறகு கைதாகும் கணத்தில், தலையை வெட்ட வரும் கத்தியைச் சொல்லும் கடைசி அடியை ஒரு மெல்லிய குரல் சொல்கிறது. படத்துக்குப் பின்னால் இருந்தது தொலைத்திரை. கடைக்காரர் சிந்தனைக் காவல்துறையைச் சேர்ந்தவர். பாட்டின் துண்டுகளைத் தந்த மூவரில் இருவர் எதிரிகள்.

அந்த அறையில் எலி ஒன்று தலை நீட்டியதும் நினைவிருக்கும். வின்ஸ்டன் உறைந்துபோவதை ஜூலியா மட்டும் பார்த்தாள் என்று நினைத்தோம். சுவரும் பார்த்துக்கொண்டிருந்தது.

பவளத்துண்டு பதித்த கண்ணாடிக் குண்டைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். உடைந்ததும் அந்தப் பவளம் தரையில் உருளும்போது, இது எப்போதுமே இவ்வளவு சிறிதாகத்தான் இருந்ததா என்று வின்ஸ்டனுக்குத் தோன்றும் அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். கண்ணாடிதான் அதைப் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறது.

பிப்ரவரி 11

சற்று விலகிப் போகிறேன், மொழி பற்றி.

கட்சி உருவாக்கும் புதுப்பேச்சு என்ற மொழியின் சொல்லகராதியை, அதன் பதினோராம் பதிப்பைத் தொகுக்கும் சைம், "சொற்களை அழிப்பது அழகான காரியம்" என்ற பொருளில் பேசுகிறான். பழையன கழிதலும் புதியன புகுதலும் எந்த மொழிக்கும் இயல்புதான். ஆனால் புதுப்பேச்சின் குறி கழிதலில்தான் இருக்கிறது. புதிதாக நுழையும் சொல்லும் பத்துச் சொல்லை வெளியே தள்ளத்தான் நுழைகிறது. ஆண்டுக்காண்டு சுருங்கும் ஒரே மொழி என்று சைம் பெருமைப்படுகிறான். இவன் இவ்வளவு தெளிவாகப் பேசுகிறானே, ஒருநாள் காணாமல் போவான் என்று வின்ஸ்டன் அப்போதே நினைக்கிறான். அப்படியே போகிறான். சதுரங்கக் குழுவின் பெயர்ப் பட்டியல் பார்ப்பதற்கு முன்புபோலவே இருக்கிறது, ஒரு பெயர் மட்டும் குறைந்திருக்கிறது. அவன் இறந்தான் என்று ஆர்வெல் அந்த இடத்தில் எழுதவில்லை.

புதுப்பேச்சின் இலக்கணத்தைச் சொல்லும் பின்னிணைப்பைப் படிக்காமல் விடுபவர்கள் அதிகம். அது முழுக்க இறந்தகாலத்தில், புதுப்பேச்சு அல்லாத முழுமையான ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர் அந்த ஆட்சி முடிந்த பிறகு வாழ்பவர் என்று பலர் வாதிடுகிறார்கள். நான் பாதி நம்புகிறேன். அமெரிக்க நூல் சங்கம் ஒன்று, கோல்ட்ஸ்டைன் பகுதியையும் பின்னிணைப்பையும் நீக்கினால் நூலைத் தேர்வு செய்வதாகச் சொன்னபோது ஆர்வெல் மறுத்துவிட்டார். பெரிய வருமானம் கைநழுவக்கூடிய நிலையிலும் மறுத்தார். அந்தப் பக்கங்கள் அவருக்கு முக்கியமாக இருந்திருக்கின்றன.

பிப்ரவரி 11, இரவு

கட்சித் தலைவரான 'பிக் பிரதர்' என்பதற்கு 'பெரியண்ணன்' என்ற மொழிபெயர்ப்பு சரியா என்று ஒரு கேள்வி. அண்ணன் என்றாலே மூத்தவன்தான், பெரிய எதற்கு என்கிறார்கள். எனக்கு அது பொருந்தியே தெரிகிறது. சுவரொட்டியின் வாசகத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்தபோது ஒன்று கிடைத்தது. "பெரியண்ணன் உங்களைக் கவனித்துக்கொள்கிறார்." தமிழில் கவனித்துக்கொள்வது என்றால் கண்காணிப்பதும் ஆகும், பேணிப் பராமரிப்பதும் ஆகும். நாவலின் கடைசிப் பக்கம் இந்த ஒரு வினைச்சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பிப்ரவரி 14

வதைக்குப் பின் விடுவிக்கப்பட்ட ஜூலியாவும் வின்ஸ்டனும் கடைசியாகப் பூங்காவில் சந்திக்கும் காட்சியைப் பற்றி இதுவரை எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு.

ஏழாம் வகுப்பில் படிக்கும்போது ஒரு ஜன்னல் கண்ணாடி உடைந்தது. நானும் என் நண்பனும் சேர்ந்துதான் பந்து எறிந்தோம். ஆசிரியர் பிரம்போடு என் முன்னால் வந்து நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் அவன் பெயரைச் சொல்லிவிட்டேன். சொன்னதோடு விடவில்லை, கையை நீட்டிக் காட்டினேன். அடி முழுவதும் அவனுக்கு விழுந்தது. அவன் என் பெயரைச் சொல்லவில்லை. அன்று மாலை வழக்கம்போல ஒன்றாகத்தான் நடந்து போனோம். சண்டை இல்லை, பேச்சும் இல்லை. அவன் பையின் வார் அறுந்திருந்தது. அதைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தான். அதன்பின் நாங்கள் நண்பர்களாக இருந்ததில்லை.

மார்ச் மாதக் குளிரில், இரும்பாக இறுகிய மண்ணின் மேல் ஜூலியா அதைத்தான் சொல்கிறாள். நான் உன்னைக் காட்டிக்கொடுத்தேன். நானும்தான் என்கிறான் அவன். அந்த நேரத்தில் அது உண்மையாகவே நேர வேண்டும் என்று விரும்புகிறோம், பிறகு அந்த ஆள்மேல் பழைய உணர்வு வருவதில்லை என்கிறாள். அவளைப் போல அதை இவ்வளவு நேராக வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அங்கேயும் ஒரு கை இருக்கிறது. வின்ஸ்டன் அவள் இடுப்பில் கை போடுகிறான். அவள் தள்ளிவிடவில்லை, அணையவும் இல்லை. இடிபாடுகளிலிருந்து ஒருமுறை இழுத்துவந்த பிணத்தின் விறைப்பு அவனுக்கு நினைவு வருகிறது. கை இருக்கிறது, அது அணைக்கவில்லை.

பிப்ரவரி 15

நேற்று எழுதியபின் தூக்கம் வரவில்லை. அறை 101ஐ மறுபடி படித்தேன். முதல் நாள் சொன்னதைப் பாதி திரும்பப் பெறுகிறேன். கேள்வி கேட்டவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், காரணம்தான் வேறு.

எலிக்கூண்டு முகத்துக்கு நேரே வரும்போது வின்ஸ்டன் மனத்தில் ஓடுவது என்ன? தனக்கும் எலிகளுக்கும் நடுவே இன்னொரு மனிதரின் உடலை நுழைத்துவிட வேண்டும். ஆர்வெல் அதை அப்படியே, உடல் என்றே எழுதியிருக்கிறார். படகில் இருந்த பெண் என்ன செய்தாள்? குழந்தைக்கும் தோட்டாவுக்கும் நடுவே தன் உடலை வைத்தாள். அதே செயல், திசை மட்டும் தலைகீழ். "ஜூலியாவுக்குச் செய்யுங்கள்" என்ற அலறல் எலிகளால் மட்டும் நம்மை உலுக்குவதில்லை. முதல் அத்தியாயத்தின் கை நமக்குள் எங்கோ இருப்பதால் உலுக்குகிறது.

இதற்கு ஒத்திகையும் உண்டு. மூன்றாம் பாகத் தொடக்கத்தில், மண்டையோடுபோல் வற்றிப்போன கைதி ஒருவன். மோவாயில்லாத இன்னொரு கைதி தள்ளாடி நடந்துவந்து, தன்னிடமிருந்த அழுக்கான ரொட்டித் துண்டை அவனுக்கு நீட்டுகிறான். தொலைத்திரை கர்ஜிக்கிறது, காவலர் அவனை அடித்து வீழ்த்துகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த வற்றிய மனிதனை அறை 101க்கு அழைத்துச் செல்ல வருகிறார்கள். எனக்கு மனைவியும் மூன்று குழந்தைகளும் இருக்கிறார்கள், என் கண் முன்னாலேயே அவர்கள் கழுத்தை அறுங்கள், அங்கே மட்டும் வேண்டாம் என்று கதறுகிறான். ரொட்டியை நீட்டிய கையும், பிள்ளைகளை நீட்டிய வாயும் ஒரே அறையில், சில பக்க இடைவெளியில்.

பிப்ரவரி 17

ஆர்வெலின் வாழ்க்கையை இதில் கொண்டுவரலாமா என்ற கேள்விக்கு: அளவோடு கொண்டுவரலாம். மனைவி 1945ல் இறந்துவிட்டார். தத்தெடுத்த சிறு மகனோடு ஸ்காட்லாந்தின் ஜூரா தீவில் தங்கி இந்த நாவலை எழுதினார். 1947 ஆகஸ்டில் கோரிவ்ரெக்கன் நீர்ச்சுழல் அருகே அவர்களுடைய படகு கவிழ்ந்தது. மூன்று வயது மகனைத் தண்ணீரிலிருந்து இழுத்துக்கொண்டு பாறைத் தீவு ஒன்றில் கரையேறினார். படகுக் காட்சி அதிலிருந்து பிறந்தது என்று நான் சொல்லவில்லை. நூலை எழுதிய கை எப்படிப்பட்டது என்று மட்டும் சொல்கிறேன். காசநோய் முற்றிய நிலையில், 1948 இறுதியில் கைப்பிரதியைத் தானே தட்டச்சு செய்தார். 1949 ஜூன் 8 அன்று நூல் வந்தது. 1950 ஜனவரி 21 அன்று, 46 வயதில் இறந்தார்.

பிப்ரவரி 19

கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன் என்றேனே.

செஸ்ட்நட் ட்ரீ விடுதி. வதைத்து ஏற்கவைத்தபடியே, வின்ஸ்டன் மேசைத் தூசியில் விரலால் இரண்டும் இரண்டும் ஐந்து என்று எழுதியிருக்கிறான். எல்லோரும் அங்கே நின்றுவிடுகிறார்கள். இன்னும் சில பக்கங்கள் போங்கள். கேட்காமலேயே ஒரு நினைவு மிதந்து வருகிறது. மெழுகுவர்த்தி வெளிச்சம். ஒன்பது பத்து வயதில் அம்மாவோடு பாம்பும் ஏணியும் விளையாடுகிறான். எட்டு ஆட்டம், ஆளுக்கு நான்கு வெற்றி. தலையணையில் சாய்த்து உட்காரவைத்த தங்கை, எதுவும் புரியாமல், இவர்கள் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரிக்கிறாள். சாக்லேட்டைப் பிடுங்காத ஒரு பிற்பகல். நாவல் முழுவதிலும் அவனுக்குக் குற்ற உணர்வு இல்லாத ஒரே அம்மா நினைவு அதுதான்.

அது பொய்யான நினைவு என்று சொல்லி அவன் அதைத் தள்ளிவிடுகிறான்.

ஐந்து என்று ஒப்புக்கொண்டது கணக்கில் தோல்வி. இதற்கு நான் என்ன பெயர் வைப்பது? பழைய ஆவணங்களைப் போட்டு எரிக்கும் நினைவுக் குழி இனி அமைச்சகத்தில் தேவையில்லை. அவனுக்குள்ளேயே ஒன்று வேலை செய்கிறது.

அதற்கு அடுத்த பக்கம் எக்காள முழக்கம், வெற்றிச் செய்தி. அவன் சுவரிலிருக்கும் பெரியண்ணனின் அந்தப் பெரிய முகத்தை நிமிர்ந்து பார்க்கிறான். அன்பான மார்பை விட்டுத் தானாக விலகிப்போன பிடிவாதக்காரனே என்று தன்னையே நொந்துகொள்கிறான். ஜின் மணக்கும் இரண்டு கண்ணீர்த் துளிகள் மூக்கின் இருபுறமும் வழிகின்றன. மார்பு! படகில் சிறுவன் முகம் புதைத்த மார்பு, தங்கையின் முகத்தை அம்மா அழுத்திக்கொண்ட மார்பு. அந்தச் சொல்லை ஆர்வெல் கடைசிப் பத்திக்காக வைத்திருந்திருக்கிறார். அம்மாவை அனுப்பிய ஒரு பக்கத்துக்குள் அவள் இடத்தில் சுவரொட்டி உட்கார்ந்துவிட்டது.

பிப்ரவரி 20

இன்னொரு திருத்தம். கை வரும் இடங்களை இதுவரை ஒவ்வொன்றாகச் சொல்லிவந்தேன். முதல் பாகத்தின் மூன்றாம் அத்தியாயக் கனவை விட்டுவிட்டேன். அம்மா மூழ்கும் கப்பலின் அறையில் இருக்கிறாள், நீர் கறுத்துக்கொண்டே வருகிறது, தங்கை அவள் கைகளில். இருவரும் மேலே அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் வெளிச்சத்தில், காற்றில் நிற்கிறான். அவன் மேலே இருப்பதற்காகத்தான் அவர்கள் கீழே போகிறார்கள் என்பது மூவருக்கும் தெரியும். அவர்கள் முகத்தில் கோபமே இல்லை.